பசியோடு காக்க வைத்தார்கள், ஆனாலும் 4 ஸ்டார்

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். 4 மாதக் குழந்தையைப் பசியோடு கூட்டி வரச் சொன்னது இந்த ஸ்கேன் சென்டர்தான். 9 மணி டோக்கனுக்கு 11 மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். "இதோ, அடுத்து நீங்கதாம்மா" என்பதை மட்டும் நான்கு முறை கேட்டேன்.

பிறந்ததிலிருந்தே என் மகள் மூச்சு விட்டால் கர் கர் என்று சத்தம். பால் குடித்தால் புரையேறும், தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொள்வாள். மாமியார் உரம் விழுந்திருக்கிறது என்றார். ஒரு கிளினிக்கில் வீசிங் என்று நெபுலைசர் வைத்தார்கள். அப்புறம் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டாக்டர்தான், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவில் சந்தேகம், சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன்) எடுங்கள் என்று அனுப்பினார்.

பசிக்குக் காரணம் உள்ளே போனதும் புரிந்தது. கையில் ஊசி ஏற்றிய பிறகு (மூன்று குத்து!) பால் கொடுக்கச் சொல்லி, துணியால் இறுகச் சுற்றினார்கள். தூங்கிவிட்டாள். மயக்க மருந்தே வேண்டியிருக்கவில்லை. நான் ஈயக் கோட்டோடு பக்கத்தில் நின்றேன். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்து ஏறியது, மேசை உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். கதிர்வீச்சு பயம் கேட்டேன். எம்ஆர்ஐயில் அது இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும், மயக்கம் கொடுக்க வேண்டிவரும் என்றார் ரேடியாலஜிஸ்ட்.

4 ஸ்டாரும் அவருக்குத்தான். எங்களை உட்காரவைத்து 3டி படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கருவில் வலமும் இடமுமாக இரண்டு வளைவு இருக்குமாம். வலது பக்கத்தது மறைந்துவிட வேண்டும். இவளுக்கு இரண்டும் தங்கிவிட்டன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் போய், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையம் போட்டு இறுக்குகின்றன. உரமுமில்லை, வீசிங்குமில்லை.

ரிப்போர்ட்டில் வலது வளைவு 8 மி.மீ., இடது 5 மி.மீ., மூச்சுக்குழாய் எந்த இடத்தில் எவ்வளவு நெரிபடுகிறது என்று எல்லாம் இருந்தது. சர்ஜன் வேறு படம் கேட்கவில்லை. சிறியதான இடது வளைவைத் துண்டிக்க வேண்டும், அதனால் இடது விலாப் பக்கமாகத் திறப்போம் என்று அதை வைத்தே முடிவு செய்தார். ஆபரேஷன் முடிந்தது. இப்போது மகளுக்கு 7 மாதம். பால் நன்றாக இறங்குகிறது. சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நெரிபட்ட மூச்சுக்குழாய் உறுதிப்பட சில மாதங்கள் ஆகுமாம்.

படத்தை டிஸ்க்கில்தான் தருகிறார்கள். வீட்டில் அதைப் போட எதுவும் இல்லை. பென் டிரைவ் கொண்டுபோய்க் கேட்டால் ஏற்றித் தருகிறார்கள், கேட்டால் மட்டும். கைக்குழந்தை என்றால் முதல் டோக்கனே வேண்டும் என்று அடம் பிடியுங்கள்.