14 மாதங்களாக வீட்டுக்குள் வரும் வேகப்பந்து

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் முன்னறைச் சுவரில் ஒரு கீறல் இருக்கிறது. கண்ணில் மாட்டினால் மைதானத்தையே முன்னால் காட்டும் வீ.ஆர். (மெய்நிகர்) கருவி வந்த முதல் வாரம், இல்லாத பவுன்சரை ஹூக் செய்யப்போய் அதன் கைப்பிடி உரசிய இடம் அது. "மனே, காற்றோடு என்ன சண்டை?" என்றார் அம்மா.

மென்பந்துக் கிரிக்கெட்டில் வளர்ந்தவன் நான். முப்பது கடந்து கடினப்பந்துக்கு மாறிய இரண்டாவது ஆட்டத்திலேயே விலாவில் அடி வாங்கினேன். காயம் ஆறிவிட்டது; ஆனால் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் வலது கால் தானாக லெக் பக்கம் விலகும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் பாவித்த கருவி ஒன்றை வாங்கினேன்.

துடுப்பாட்டம் பழகுவதற்கென்று வாங்க நினைப்பவருக்கு, வேண்டாம் என்பேன். உண்மைப் பந்து ஏறத்தாழ 160 கிராம். கருவியில் கைக்குக் கிடைப்பது ஒரு சிறு அதிர்வு. மாரியில் மைதானம் குளமானபோது அதிலேயே ஆடிக்கிடந்து, பிறகு வலைப்பயிற்சிக்குப் போனால் மட்டை முந்திக்கொண்டது, பந்தெல்லாம் வானத்தில்.

எனக்கு அது உதவியது மனதில் ஒத்திகை பார்க்கத்தான். மணிக்கு 130 கிலோமீற்றரில் வரும் பந்து, கையை விட்டு நம்மிடம் சேர அரை வினாடிதான் எடுக்கும். யோசிக்க அவகாசமில்லை, பந்துவீச்சாளரின் கை கண்ணுக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். முன்பெல்லாம் கண்ணை மூடினால் தொலைக்காட்சிப் படம்தான் வரும், என்னை நானே தூரத்திலிருந்து பார்ப்பதுபோல. கருவிதான் என்னை ஆடுகளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

இப்போது கருவியில் மூன்று ஓவர்தான். பிறகு அதைக் கழற்றிவிட்டு, கால்காப்புக் கட்டி, சொந்த மட்டையோடு நின்று, கண்ணை மூடி அதே பந்துகளை அதே வேகத்தில் மீண்டும் எதிர்கொள்கிறேன். ஹோம்ஸ், கொலின்ஸ் என்ற விளையாட்டு உளவியலாளர் இருவர் 2001இல் முன்வைத்த 'பெட்லெப்' என்ற மன ஒத்திகை முறையும் இப்படித்தான் கேட்கிறது: கட்டிலில் சாய்ந்து கற்பனை செய்யாமல், ஆடும் கோலத்திலேயே, உண்மையான நேரக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டும். பயத்தையும் சேர்த்தே கற்பனை செய்யச் சொல்கிறது. எனக்கு அதில் குறைவேயில்லை.

தொல்லைகளும் உண்டு. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பத்து நிமிடத்துக்குள் வியர்வையில் வில்லை மங்கிவிடும். மின்விசிறிக்கு நேர்கீழே நிற்கலாம் என்றால், கையை உயர்த்தப் பயம்.

போன மாதம் வெபர் மைதானத்தில் 11 ஓட்டங்கள் எடுத்தேன். வேகப்பந்துக்குக் கால் இரண்டே தடவைதான் விலகியது. ஆட்டமிழந்தது சுழற்பந்தில், அதைக் கருவியில் நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.