வேலை சொல்ல எது நல்லது: வட்ஸ்அப் குறூப்பா, காலையில் பத்து நிமிடமா?

எங்கள் அச்சகம் யாழ்ப்பாண நகரத்தில். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், அதோடு ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு வீட்டார் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு. யாருக்கு என்ன வேலை என்று சொல்ல முன்பு வட்ஸ்அப் குறூப்போடு சரி. இப்போது காலையில் மெசின் போடுவதற்கு முன் எல்லோரும் நின்றபடி பத்து நிமிடம் கதைக்கிறோம். இரண்டையும் பழகிவிட்டேன், என் சாய்வு காலைக் கதைப் பக்கம்தான்.

குறூப்பின் வசதி தெரிந்ததுதான். செலவில்லை, படம் அனுப்பலாம், சொன்னதற்கு எழுத்தில் சாட்சி இருக்கும். கல்வெட்டுக்கென்று கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய அப்பாவின் படம், நாங்கள் கடை திறக்கும்போது வந்து கிடக்கும்.

ஆனால் நான் பார்த்தது ஒன்றைத்தான்: விளங்காதவர் கேள்வி கேட்கிறாரா, இல்லையா? குறூப்பில் முதலாளி ஒன்று போட்டால் உடனே வரிசையாகப் பெருவிரல்கள். அதில் யாருக்கு விளங்கியது, யார் மற்றவர்கள் போட்டதைப் பார்த்துத் தானும் போட்டார் என்று பிரித்தெடுக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அங்கே கேட்டு எழுதக் கூச்சம். நேரில் அவள் வாய் திறக்காவிட்டாலும் முகத்தில் தெரியும். "என்ன தங்கச்சி, யோசிக்கிறீர்?" என்றால் கேள்வி வந்துவிடும்.

கல்வெட்டையே எடுங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகம். ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், அதனால் பக்கக் கணக்கு நாலு நாலாகத்தான் கூடும். 24 பக்கத்துக்கு எல்லாம் தயாரான பிறகு வீட்டார் பேரப்பிள்ளைகளின் கவிதை ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். குறூப்பில் அது 'ஒரு பக்கம் கூடும்' என்று ஒரு வரி. டைப் செய்பவர் பெருவிரலைப் போட்டுவிட்டு 25ஆம் பக்கத்தை அடிக்கத் தொடங்கிவிடுவார். அதே வரியைக் காலையில் சொன்னால் பைண்டிங் செய்யும் அக்கா விடமாட்டார்: "அப்ப மிச்சம் மூண்டு பக்கத்துக்கும் என்ன போடப் போறியள் அண்ணை?" தேவாரம் கூட்டுவதா, படத்தைப் பெருப்பிப்பதா, கவிதையை உள்ள பக்கத்திலேயே நெருக்குவதா என்று அந்த இடத்திலேயே முடிவாகும். 31ஆம் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. அச்சடிக்கிற பிளேட் அடித்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் பிளேட் காசும் போச்சு, ஆட்களின் நித்திரையும் போச்சு.

வேலையில் பிடிப்பு வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தான் கேட்ட கேள்வியால் ஒரு வேலை கெடாமல் தப்பியதைக் கண்டவர், பேப்பர் முடியப் போகிறது என்பதை நாங்கள் கேட்காமலே முன்கூட்டிச் சொல்கிறார்.

இந்த இடத்தில் சிக்காகோவுக்குப் பக்கத்து ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைச் சிலர் இழுப்பார்கள்: தொழிலாளரைக் கவனித்து அபிப்பிராயம் கேட்டதும் உற்பத்தி கூடியதாம். ஆனால் அங்கே தனியறையில் வேலை செய்த பெண்களுக்கு இடையில் ஓய்வும் கொடுத்தார்கள், சம்பளத்தையும் அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆகவே எல்லாப் புகழும் பேச்சுக்கே என்று சொல்ல நான் தயாரில்லை. சம்பளத்தை இழுத்தடித்துக்கொண்டு காலையில் சிரித்துக் கதைத்தால் ஒருவரும் ஏமாற மாட்டார்கள்.

காலைக் கதைக்கும் கரைச்சல் உண்டு. கதிரை போட்டால் அரைமணியாக நீளும், நிற்பது அதற்காகத்தான். முதலாளி மட்டும் கதைத்தால் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஆகிவிடும். பிந்தி வந்தவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும்.

அப்புறம், நாங்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் சிலபேர். ஷிப்ட் மாறி ஓடும் தொழிற்சாலையிலோ, வீட்டிலிருந்தபடி வேலை செய்யும் கம்பனியிலோ நான் இதைப் பழகிப் பார்த்ததில்லை. அங்கே குறூப் இல்லாமல் ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம்.

நாங்களும் குறூப்பை அழிக்கவில்லை. படம், புரூப், விலாசம் எல்லாம் இன்னும் அதில்தான். ஒருவர் விட்ட பிழையை மட்டும் அதில் எழுதுவதில்லை. ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல்வோம். இரவு எட்டு மணிக்குப் பிறகு வருவதற்குக் காலையில் பதில் போட்டால் போதும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இது கொஞ்சம் தளரும். நோட்டீஸ் அடிக்க வருபவர்கள் விடமாட்டார்கள்.