காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும் வண்டி: பழைய எஸ்யூவியின் ஏர் சஸ்பென்ஷனோடு நெடுநாள் அனுபவம்

உயரம் ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது என்பதற்காகவே வாங்கிய பழைய எஸ்யூவி இது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கம்ப்ரஸர் நிரப்பும் ரப்பர் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்குவதுதான் இதன் ஏர் சஸ்பென்ஷன். வேகம் கூடினால் தானே தாழ்ந்து சாலையைப் பிடித்துக்கொண்டு போகும். கரடுமுரடான பாதையில் பட்டனை அழுத்தினால் எழுந்து நிற்கும். பின்னால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வால் தாழாது. நல்ல நிலையில் இருக்கும் ஏர் சஸ்பென்ஷனுக்கு ஈடு கிடையாது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். அது படுத்துவிட்டால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதை எழுதத் தோன்றியதற்குக் காரணம், இதில் பலரும் முதல் செலவையே தவறான பாகத்தில் செய்வதுதான்.

என் வண்டியில் தொடக்கம் சாதாரணமாக இருந்தது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை தாழ்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் ஓடி, சற்று நேரத்தில் சமமாகிவிடும். போகப்போக அந்த ஓட்டம் நீண்டது, சத்தம் கரகரத்தது. கடைசியில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி எழவே மறுத்தது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான குறையைப் படிக்கும் ஸ்கேனரில் வந்தது, காற்றழுத்தம் போதிய வேகத்தில் ஏறவில்லை என்பது. உடனே வந்த யோசனை: கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்றிவிடலாம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். அழுத்தம் ஏறவில்லை என்பது மட்டும்தான் ஸ்கேனருக்குத் தெரியும். ஏன் ஏறவில்லை என்று அது சொல்லாது. இந்தக் கம்ப்ரஸர் சின்ன மோட்டாரும் பிஸ்டனும் கொண்டது. கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எங்கோ காற்று கசிந்தால், இழந்ததை ஈடுகட்ட தினமும் நெடுநேரம் ஓடும். சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும், ஒரு நாள் நின்றுவிடும். கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

கசிவு செய்யும் கெடுதல் இதோடு முடிவதில்லை. கம்ப்ரஸரை ஒட்டி ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்த டிரையர் ஒன்று இருக்கும். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். வண்டி தாழும்போது உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியேறும். போகிற போக்கில் மணிகளிலுள்ள ஈரத்தையும் எடுத்துச் சென்றுவிடும். இப்படித்தான் டிரையர் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. காற்று கசிவு வழியாகப் போய்விட்டால் இந்தத் திரும்பு பயணமே நடக்காது. மணிகள் ஈரத்தில் ஊறி, பொடியாகி, ஒவ்வொரு பைக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக் வரை போய் அடைக்கும். ஒரு மூலையில் தொடங்கிய சின்ன ஓட்டை மூன்று பாகங்களைக் கெடுப்பது இப்படித்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது எனக்குத் தெளிந்தது.

முதலில் பேட்டரி. வோல்டேஜ் குறைந்தாலே பல வண்டிகள் சஸ்பென்ஷன் விளக்கைப் போட்டுவிடும். அடுத்து ஃப்யூஸ், பிறகு கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே. ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். மலிவான பாகம்தான், கம்ப்ரஸரைத் தொட்டால் ரிலேயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பிறகு அளவு நாடா. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். ஃப்யூஸைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. சில வண்டிகளின் கண்ட்ரோல் யூனிட், நிறுத்தியிருக்கும்போதும் இடையில் விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் நான்கும் தாழ்ந்து நிற்கும், குற்றவாளி எது என்றே தெரியாது.

காலையில் எடுக்கும் அளவு நிறையச் சொல்லும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலையின் காற்றுப்பை, குழாய், இணைப்பு இவற்றில் ஒன்று. ஒரு அச்சில் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்கலாம். எதுவும் இறங்காமல், வண்டி எழ மட்டும் மறுத்தால், அப்போது கம்ப்ரஸர் பக்கம் போங்கள். இரவெல்லாம் அளவு மாறாமல், ஓடும்போது மட்டும் சாய்ந்து நின்றால் அது உயர சென்சாரின் வேலை. அதன் சின்ன இணைப்புத் தண்டு துருப்பிடித்து ஒடிவது பழைய வண்டிகளில் சகஜம்.

மூலை தெரிந்தபின் சோப்புத் தண்ணீர். வண்டியை அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள். வால்வு ஒன்று திறந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். உயர்த்திய நிலையில் ரப்பரின் மடிப்பு விரிந்து, சாதாரண உயரத்தில் மறைந்திருக்கும் வெடிப்புகள் தெரியும். என் வண்டியில் இடது பையின் மடிப்பில் மயிரிழை வெடிப்புகள், அதிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி. வால்வு பிளாக்கில் குழாய் செருகும் இடத்திலும் ஒன்று. வெளியே எங்கும் குமிழியே இல்லாவிட்டால் வால்வு உள்ளுக்குள் சரியாக மூடவில்லை என்று பொருள். காற்று வெளியேறும் குழாயின் முனையில் சோப்பு தடவிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

முன்பக்கம் இரண்டு பைகளையும் சேர்த்தே மாற்றினேன், ஒரே வயது ரப்பர் என்பதால். வால்வு பிளாக்கில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள், டிரையர் மணிகள், ரிலே எல்லாம் புதிது. கம்ப்ரஸரின் சிலிண்டர் நன்றாக இருந்ததால் பிஸ்டன் வளையம் மட்டும் மாற்றினோம், அதே கம்ப்ரஸர் இன்றும் ஓடுகிறது. குழாயின் முனையைக் கூரிய பிளேடால் நேராக வெட்டிச் செருக வேண்டும். சாய்வாக வெட்டினால் அங்கேயே கசியும். புதுப் பையில் காற்று ஏறும் முன் வண்டியின் எடையை அதன்மேல் இறக்கவே கூடாது, ரப்பர் தப்பாக மடிந்து கெட்டுவிடும். கடைசியில் நான்கு மூலைக்கும் உயர அளவீட்டை ஸ்கேனரில் புதிதாகப் பதிந்தோம்.

இவை எல்லாம் காற்று வகைக்கு. 1998-ல் வந்த லேண்ட் க்ரூஸர் 100 போன்ற சில வண்டிகளில் உயரத்தை மாற்றுவது எண்ணெய். நைட்ரஜன் நிரப்பிய உருண்டைகள் அதற்குத் துணை. அவற்றில் வண்டியை ஏற்றி இறக்கும்போது எண்ணெய்த் தொட்டியின் மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டால் நைட்ரஜன் போய்விட்டது.

காற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு காயில் ஸ்பிரிங் போடச் சொல்பவர்கள் நிறைய. பாகமே கிடைக்காத வண்டிக்கு அது சரி. ஆனால் உயர மாற்றமும் சுமைக்கேற்ற சமநிலையும் அத்தோடு போய்விடும், எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு இரவும் சோப்புத் தண்ணீரும் போதும் என்கிறபோது, அந்த முடிவுக்கு அவசரப்பட நான் உடன்பட மாட்டேன்.

பழுது பார்த்த பிறகு வண்டி காலையில் நிறுத்திய உயரத்திலேயே நிற்கிறது, கம்ப்ரஸர் எப்போதாவதுதான் கேட்கிறது. பைகளின் மடிப்பில் சேறு காய்ந்தால் ரப்பரை அரிக்கும். சேற்றில் ஓட்டிவந்தால் உயர்த்தி வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறேன். பின்பக்கப் பைகள் இன்னும் பழையவைதான். இரவு அளவை அவ்வப்போது எடுத்து வருகிறேன். வித்தியாசம் தெரிந்த உடனே அந்த இரண்டையும் மாற்றிவிடுவேன்.