சுத்தம் செய்யக் கொடுத்த கணினி அழுக்கோடு திரும்பி வந்தது

பிரவுசரின் முகப்பு தானாக மாறுகிறது, மூலையில் விளம்பரங்கள் முளைக்கின்றன என்று வீட்டுக் கணினியை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். கேட்டது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். "ஃபார்மட் அடிச்சு ஃப்ரெஷ்ஷா ஓஎஸ் போட்டாச்சு" என்று திருப்பித் தந்தார்கள். வேகமாகத்தான் ஓடியது. விளம்பரமும் இல்லை.

சந்தேகம் வந்தது, விண்டோஸின் உரிம நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தபோது. கணினியோடு வந்தது விண்டோஸ் ஹோம். இப்போது இருப்பது ப்ரோ. அதன் கீழே, உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி. வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்கும் கணினிக்கு எந்த நிறுவனம்?

பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே சர்வரிலிருந்து உரிமம் தரும் முறை ஒன்று உண்டு, கேஎம்எஸ் என்பார்கள். அந்த உரிமம் 180 நாட்களுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உரிமம் வாங்காமலே விண்டோஸை ஓட்ட உதவும் கிராக் மென்பொருள்கள் அந்த சர்வரைப் போல நடித்து விண்டோஸை ஏமாற்றுகின்றன. பின்னணியில் அது ஓடிக்கொண்டே இருக்க, ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்காமலும் இருக்க வேண்டுமே! விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்தேன். ஒரு ஃபோல்டரை முழுதாகச் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டருக்குள் நாளை எது வந்து உட்கார்ந்தாலும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கண்டுகொள்ளாது. அப்டேட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. போதாததற்கு, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்று, நாங்கள் வைக்காத பாஸ்வேர்டோடு. விளம்பரத் தொல்லையோடு கொடுத்த கணினி, கதவைத் திறந்து போட்ட நிலையில் வந்திருக்கிறது.

கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது: "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம். ஆன்டிவைரஸ் சும்மா கத்தும்." பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது, கிராக்குக்குத் தேவையே இல்லை என்பதுதான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகள் பெரும்பாலானவற்றில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம்) மறுபடி நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வாங்கிய நிலைக்குத் திரும்பத் தேவையான கோப்புகளைத் தயாரிப்பாளர் வைத்திருந்த டிஸ்க் பகுதியான ரெக்கவரி பார்டிஷனையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள். (சில தயாரிப்பாளர்கள் கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கோப்புகளை இணையத்தில் தருகிறார்கள்.)

அப்புறம் நானே செய்தேன். வேறொரு நல்ல கணினியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸைப் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, அந்த டிஸ்கில் இருந்த பார்டிஷன்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிறுவினேன். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனியே எடுத்துவைத்தேன். பழைய செட்டப் கோப்பு ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றினேன். ஒன்றைக் கவனியுங்கள்: குரோமில் பழைய கணக்கோடு சிங்க் போட்டால், அதாவது கணக்கில் சேமித்ததை இறக்கிக்கொண்டால், கெட்ட எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள்) கூடவே திரும்பி வரும். சிங்க் செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸை விலக்கிவிடுங்கள்.

'சிஸ்டம் ரீஸ்டோர்' செய்துவிட்டு ஃபார்மட் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அது சிஸ்டம் கோப்புகளையும் செட்டிங்ஸையும் பழைய தேதிக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. அவற்றோடு ஒளிந்திருக்கும் வைரஸையும் தொடாது.

கடையில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், கணினியைத் திரும்ப வாங்கும்போது அங்கேயே ஆக்டிவேஷன் பக்கத்தையும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரிஜினல் எடிஷன்தான் போடுவோம் என்று பில்லில் எழுதித் தரவும், கொடுக்கும்போதே கேளுங்கள். எழுதத் தயங்குகிற கடை என்றால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும், கணினியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.