எதிரணி 1 நோட்ரம்ப் கேட்டால் என்ன செய்வது: ஏழு வருடம், மூன்று முறைகள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுப்பேன்) என்று ஆரம்பித்துவிடுவார். கையில் பெரிய சீட்டுகளின் கணக்கில் 15 முதல் 17 புள்ளி, நான்கு இனத்திலும் பரவலாகச் சீட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லியாகிவிட்டது. நாம் பாஸ் சொன்னால் அவர்கள் 90 எழுதிக்கொள்வார்கள். வாயைத் திறந்து மாட்டிக்கொண்டால் 500 போகும். இந்த ஒரு இடத்துக்காகவே நானும் என் ஜோடியும் ஏழு வருடத்தில் மூன்று முறைகளை ஆடிப் பார்த்துவிட்டோம்.

ஜோடி கீழக்கரைக்காரர். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலை இரண்டு மேஜை போடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளும் படகுக்காரர்கள் இருவர் சேர்ந்துகொள்வதால் வாரம் மூன்று நாள் ஆட்டம் நடக்கும். (கடலோரத்தில் ஆடுகிறவர்கள் காகிதச் சீட்டு வாங்க வேண்டாம். உப்புக் காற்றில் சீக்கிரமே ஒட்ட ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் சீட்டு வருடக்கணக்கில் வருகிறது.)

முதலில் ஆடியது மார்ட்டி பெர்கனின் டோன்ட் என்ற முறை. டபுள் (எதிரணி கேட்டதன் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் சொல்) என்றால் ஏதோ ஒரு இனம் நீளம். ஜோடி 2 கிளாவர் கேட்டு வழிவிட வேண்டும். 2 கிளாவர் என்றால் கிளாவரும் அதற்கு மேலே இன்னொரு இனமும். 2 டைமண்ட் என்றால் டைமண்டோடு ஆட்டினோ ஸ்பேடோ. 2 ஆட்டின் என்றால் ஆட்டினும் ஸ்பேடும். அரை மணி நேரத்தில் மனதில் நின்றுவிடும். இரண்டு வருடம் ஆசையாக ஆடினோம். ஆனால் 2 கிளாவர் கேட்டதும் காக்கா மூன்று கிளாவரை வைத்துக்கொண்டு பாஸ் சொல்லிவிடுவார். அப்புறம் சீட்டை விரித்துப் பார்த்தால் இருவரிடமும் நான்கு நான்கு ஆட்டின் இருக்கும். அதைவிடப் பெரிய குறை, எதிரணியைத் தோற்கடித்து அபராதம் வாங்க, அதாவது அடிப்பதற்கு, டபுள் இல்லாமல் போனது. ஒருமுறை 12 முதல் 14 புள்ளிக்கே நோட்ரம்ப் கேட்கும் ஜோடி எதிரே உட்கார்ந்தது. என் கையில் 17 புள்ளி. டபுள் சொல்ல வழியில்லை. அவர்கள் வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடுதலாக விழும் நிலை), டபுளில் இரண்டு பிடி குறைந்திருந்தால் எங்களுக்கு 500 வந்திருக்கும். நாங்கள் 110 எழுதினோம்.

அதனால் கேப்பலெட்டி என்ற முறைக்கு மாறினோம். இதில் டபுள் அடிப்பதற்கே. 2 கிளாவர் என்றால் ஏதோ ஒரு நீள இனம், 2 டைமண்ட் என்றால் இரண்டு மேஜரும் (ஆட்டின், ஸ்பேட்). இதை ஒன்றரை வருடத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே இனம் நீளமாக வருவதுதான் அடிக்கடி நடக்கிறது, அதற்குப் போய் 2 கிளாவரைக் கொடுத்துவிட்டால் எதிரணிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. அடுத்தவர் டபுள் சொல்லி அதையே தன் ஸ்டேமனாக்கிக்கொள்வார் (ஜோடியிடம் நான்கு சீட்டு மேஜர் உண்டா என்று கேட்பது), நாம் குறுக்கே பேசாதது போலவே அவர்கள் கணக்கு ஓடும்.

கடைசி நாலு வருடமாக ஆடுவது மல்டி லாண்டி. ஆல்வின் லாண்டி தந்த 2 கிளாவர்தான் இதற்கு அடித்தளம்: இரண்டு மேஜரும் கையில் இருக்கின்றன. 2 டைமண்ட் என்றால் ஆட்டின் அல்லது ஸ்பேட், ஏதோ ஒன்று நீளம். 2 ஆட்டின், 2 ஸ்பேட் என்றால் அந்த இனத்தில் ஐந்தும் கூடவே ஒரு மைனரும் (கிளாவர் அல்லது டைமண்ட்). டபுள் அடிப்பதற்கு. நம் 2 கிளாவரைக் கேட்டு ஜோடி 2 டைமண்ட் என்று பதில் சொன்னால் ‘எனக்கு இரண்டும் சமம், உன்னிடம் எது நீளமோ அதைச் சொல்’ என்று அர்த்தம். இந்த ஒரு பதிலுக்காகவே இந்த முறையைப் பரிந்துரைப்பேன்.

போன வருடம் வந்த ஒரு கை: ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 10, 7, 4. ஆட்டினில் ராணி, ஜாக்கி, 9, 8, 3. டைமண்ட் 6. கிளாவர் 5, 2. மொத்தமே 7 புள்ளி. 2 கிளாவர் கேட்டேன். காக்கா 2 ஆட்டினுக்குப் போய் எட்டுப் பிடி எடுத்தார், 110. அதே சீட்டுகளை ஆடிய அடுத்த மேஜையில் எதிரணிச் சீட்டை வைத்திருந்த எங்கள் ஆட்கள் 1 நோட்ரம்ப் ஆடி 90 வாங்கினார்கள். ஆக 200, அணி ஆட்டத்தில் வித்தியாசத்தை அளக்கும் இம்ப் கணக்கில் 5 இம்ப்.

இதற்கு நேர்மாறான கையும் சொல்கிறேன். 14 புள்ளி, ஸ்பேட் ஐந்து, மற்றவை 3, 3, 2. நாங்கள் வல்னரபிள். புள்ளி இருக்கிறதே என்று 2 டைமண்டில் ஆரம்பித்து 2 ஸ்பேடில் நின்றேன். டபுள் விழுந்தது, மூன்று பிடி குறைந்தது, 800 போனது. அன்று ஆட்டம் முடிந்ததும் காக்கா சொன்னார்: “தம்பி, புள்ளிய எண்ணாதே, நீளத்த எண்ணு.” இப்போது 5-5 இருந்தால் 7 புள்ளியிலும் கேட்கிறேன், 5-3-3-2 இருந்தால் 14லும் பாஸ்.

நாலாவது இடத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். 1 நோட்ரம்ப், பாஸ், பாஸ் என்று வந்தால் ஆரம்பித்தவரிடம் அதிகபட்சம் 17, அவர் ஜோடியிடம் பெரும்பாலும் 7க்கு மேல் இருக்காது. 40இல் 24 போனால் நமக்குக் குறைந்தது 16. என் கையில் 8 இருந்தால் ஜோடியிடமும் 8 உண்டு. பேசுகிற மாதிரி நீளம் இல்லாததால்தான் அவர் பாஸ் சொல்லியிருப்பார்.

மல்டி லாண்டியில் எனக்கு இன்னும் இருக்கும் வருத்தம் மைனர்தான். ஆறு டைமண்ட் வந்தாலும் 3 வரை ஏறித்தான் சொல்ல முடிகிறது. அதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறோம். ஏற்கெனவே பாஸ் சொன்னவரிடம், பலமான நோட்ரம்ப்பை டபுள் போட்டு அடிக்கும் அளவுக்குப் புள்ளி இருக்க முடியாது. அந்த டபுள் வீணாகக் கிடக்கிறது. அதை ‘நீளமாக ஒரு மைனர்’ என்று வைத்துக்கொள்வது, ஜோடி 2 கிளாவர் கேட்பது, கிளாவர் என்றால் பாஸ், டைமண்ட் என்றால் 2 டைமண்ட். சரி, வருகிற தடைக்காலத்தில் அதை ஆடிப் பார்க்கப் போகிறோம். காக்கா ஒரு அட்டையில் எழுதி சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.