வீட்டு வயரிங்: சாமானோடு கொன்ட்ராக்டா, பொயின்ட் கணக்கா?

எங்கள் ஆரையம்பதி வீட்டு வயரிங்கை முழுதாகக் கழற்றி மாற்றியதில் இருந்து, சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: சாமானோடு மொத்தமாகக் கொடுத்தீர்களா, பொயின்ட் கணக்கா, நாட்கூலியா? 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க எழும்பிய வீடுகளுக்கெல்லாம் இப்போது இருபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்டது, சிலதுக்குத் தாண்டியும் விட்டது. உப்புக் காற்றில் சுவிச்சுக்குள் இருக்கும் பித்தளை பச்சை பிடிக்கிறது, பிளக் சூடாகி உருகுகிறது, ஆகவே இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சக் காலத்துக்கு ஓயாது. நான் பொயின்ட் கணக்குப் பக்கம், அதாவது லைட், பிளக் என்று ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு என்று கூலி பேசுவது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கூலி பாஸுக்கு (வயரிங் செய்கிறவருக்கு), சாமான் பில் என் பெயரில். அதே காலத்தில் காரைதீவில் அக்கா வீட்டில் சாமானோடு கொன்ட்ராக்ட் கொடுத்தார்கள், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

நாட்கூலியைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம். கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிச் ஏன் அடிக்கடி விழுகிறது என்று தேடுவது, ஃபேன் மாற்றுவது, இதற்கெல்லாம் நாட்கூலிதான் சரி, ஏனென்றால் பழுது தேடும் வேலைக்கு முன்கூட்டியே விலை சொல்ல யாராலும் முடியாது. முழு வீட்டுக்கும் நாட்கூலி என்றால் வீட்டில் ஒருவர் நாள் முழுக்க நின்று பார்க்க வேண்டும். காலையில் பிளேன்டீ குடித்துவிட்டுத் தொடங்குவார்கள், பத்து மணிக்கு ஒரு பொக்ஸ் வாங்கக் கடைக்குப் போவார்கள், திரும்பி வரும்போது மதியம் ஆகியிருக்கும். அவர்கள் மேல் பிழை என்று இல்லை, அந்த முறையே அப்படித்தான்.

சாமானோடு கொன்ட்ராக்ட் கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கணவன் கட்டாரில், வீட்டில் மனைவியும் மாமியும் மட்டும் என்றால் வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? ஒரே தொகை, ஒரே ஆள், வேலை முடிந்ததும் சுவிச்சைப் போட்டால் லைட் எரிய வேண்டும், அவ்வளவுதான். அக்காவும் அதற்காகத்தான் கொடுத்தார். தொகையை வட்ஸ்அப் குரல் பதிவில் சொன்னார்கள், அதில் பாதியை அட்வான்ஸாக வாங்கினார்கள், வேலையும் சுணங்காமல் நடந்தது. கடைசி பில்லில்தான் கதை மாறியது. ‘எக்ஸ்ட்ரா’ என்று தனியாக ஒரு தொகை, அதற்குக் கீழே ‘வயர், பைப், பொக்ஸ், சுவிச்’ என்று ஒரே வரி. எத்தனை மீற்றர், என்ன கேஜ் (வயரின் தடிப்பு), எந்தக் கம்பனி, எந்தக் கடை, ஒன்றும் இல்லை. கேட்டால், “அக்கா, சாமான் விலை ஏறிட்டு, நான் என்ன செய்யிற?” என்று பதில்.

அந்த ஆள் ஏமாற்றினார் என்று நான் எழுதவில்லை. சாமான் விலை ஏறியது உண்மையாகவும் இருக்கலாம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது இரண்டு மாதம் போவதற்குள் டொலர் 200 பக்கம் இருந்து 360 வரை போனதை மறந்திருக்க மாட்டோம், வயருக்குள் இருக்கும் செம்பு வெளியில் இருந்துதான் வருகிறது. ஆனால் அவர் ஏமாற்றவில்லை என்று அக்காவுக்குக் காட்டவும் அவரிடம் ஒன்றும் இல்லை. நேர்மையான ஆளாக இருந்தாலும் அந்த ஒற்றை வரி பில் அவரைக் கள்ளனைப் போலக் காட்டிவிடுகிறது. இன்றைக்கு வரைக்கும் அந்த வீட்டில் ஒரு பல்ப் பியூஸ் போனாலும் அவர் பெயர் இழுபடுகிறது.

என் கணக்கில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. கரண்ட் வேலையில் கூலிக்காகச் சண்டை வருவது குறைவு, சாமான் காசு பாஸின் கை வழியாகப் போய் வரும்போதுதான் வருகிறது. கொன்ட்ராக்ட் எடுத்தவருக்குச் சாமானில் மிச்சம் பிடித்தால்தான் இலாபம், விலை ஏறினால் நட்டமும் அவருக்கே. அந்த நெருக்கடியில் எங்கே குறைப்பார்? கண்ணுக்குத் தெரியும் சுவிச்சில் குறைக்க மாட்டார், நீங்கள் பார்த்துவிடுவீர்கள். சுவருக்குள் போகும் வயரில் குறைக்கலாம். லைட்டுக்கு 1/1.13 வயர், அதாவது ஒரு சதுர மில்லிமீற்றர், போதும், பிளக்குக்கு 7/0.67, அதாவது இரண்டரை சதுர மில்லிமீற்றர் போக வேண்டும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் 230 வோல்டில் கிட்டத்தட்ட மூன்று கிலோவொட் இழுக்கலாம், அதை லைட்டுக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில் கொடுத்துவிட்டு, பிரேக்கரையும் (கரண்ட் கூடினால் வெட்டும் சுவிச்) பெரிதாகப் போட்டால் வயர் சூடாகும், பிரேக்கர் சும்மா இருக்கும். பூசி, பெயின்ட் அடித்த பிறகு இதை யார் தோண்டிப் பார்ப்பது? கசியும் கரண்டை நிலத்துக்குள் விடும் எர்த் கம்பியும் அப்படித்தான். கல்லடி, காரைதீவு போன்ற மணல் தரையில், சோளகக் காற்றில் மேல்மண் காய்ந்து கிடக்கும் காலத்தில், கட்டையாக ஒரு எர்த் ரொட்டை (நிலத்துக்குள் இறக்கும் கம்பியை) இறக்கிவிட்டுப் போனால் எர்த் ஒழுங்காகப் பிடிக்காது. ஈரம் தொடும் ஆழம் வரைக்கும் போக வேண்டும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது, இறக்கும்போது பக்கத்தில் நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாமானை நாங்களே எடுத்தபோது இந்தச் சந்தேகம் எழும்பவே இடம் இல்லாமல் போனது. காத்தான்குடியில் இருந்து வந்த நானா ஒருவர்தான் எங்கள் வேலையைச் செய்தார். முதலில் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து ஒரு சாமான் சீட்டு எழுதித் தந்தார்: எந்த கேஜ் வயர் எத்தனை சுருள், எந்த நிறம், வயர் போகும் கொன்டியூட் பைப் எத்தனை, சுவருக்குள் புதைக்கும் சன்க் பொக்ஸ் எத்தனை, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்று, இத்தனை பிரேக்கர் என்று. அந்தச் சீட்டைப் படம் எடுத்து இரண்டு மூன்று ஹார்ட்வெயார் கடைக்கு அனுப்பி விலை கேட்டோம். கெலானி கம்பனியோ ஏசிஎல்லோ, எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை உள்ள வயர் மட்டும் என்பதில் நானாவும் பிடிவாதமாக இருந்தார். கடைக்காரரோடு பேசும்போது இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, வெட்டாத சுருளையும் உடைக்காத பெட்டியையும் திருப்பி எடுப்பீர்களா? எடுப்பார் என்றால் அதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மற்றது, பாஸ்மாருக்குக் கொடுக்கும் கமிஷனை எனக்கு விலையில் குறைப்பீர்களா? இந்தக் கமிஷன் ஊருக்கே தெரிந்த விஷயம், கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கொஞ்சம் குறையும்.

இதில் நட்டமும் உண்டு, அதை மறைக்கவில்லை. கமிஷன் போய்விட்டதென்றால் பாஸ் பொயின்ட் விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், சொல்லத்தானே வேண்டும். அடுத்தவர் காசு என்பதால் வயரை வெட்டுவதில் கை தாராளமாக இருக்கும், துண்டு துண்டாக மிஞ்சும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பொக்ஸ் குறைந்துவிட்டால், நீங்கள் ஓடிப் போய் எடுத்து வரும் வரைக்கும் வேலை நிற்கும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவில் அக்காவைவிட எனக்கு மலிவாக வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது, இரண்டு வீடும் ஒரே அளவு இல்லை. ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று என்னால் சொல்ல முடியும். நானாவும் ஒருநாள் இதையே வேறு மாதிரிச் சொன்னார்: “தம்பி, சாமான் நீங்க எடுத்தா எனக்கும் நிம்மதி, ஆருக்கும் கணக்குக் காட்டத் தேவல்ல.”

சரி, பொயின்ட் கணக்கில் சண்டையே வராதா? வரும். ‘பொயின்ட்’ என்றால் என்ன என்பதை முதலே பேசாவிட்டால் நிச்சயம் வரும். கணக்குக்காக ஒரு பொயின்ட் 2000 ரூபாய் என்று வைப்போம். நீங்கள் லைட், ஃபேன், பிளக் எல்லாம் எண்ணி 60 என்று நினைத்திருப்பீர்கள். பாஸ் படிக்கட்டு லைட்டுக்கு இரண்டு சுவிச் என்பதால் இரண்டு பொயின்ட், ஃபேனுக்கு ரெகுலேட்டர் தனி, டிவி கேபிள் தனி, வெளிக் கேற் லைட் தூரம் என்பதால் இரண்டு என்று எண்ணி 74 என்பார். 28,000 ரூபாய் வித்தியாசம், இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கில் சரி. ஆகவே வேலை தொடங்க முன்னம் ஒரு கொப்பித் தாளில் அறை அறையாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். டிபி பொக்ஸ் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) பொருத்துவது பொயின்ட்டுக்குள்ளா, தனியா? எர்த் ரொட் இறக்குவது? சுவர் வெட்டுவது பாஸ், திரும்பப் பூசுவது யார், மேசன் கூலி யாருடையது? புதுக் கனெக்‌ஷன் என்றால் கரண்ட் தருபவர்களுக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட், அதற்குப் பட்டயப் பொறியியலாளர் கையெழுத்துப் போடும் செலவு, அது யார் தலையில்? நான் கேட்ட சண்டைகளில் பாதி இந்த ரிப்போர்ட் காசில்தான் தொடங்கியிருக்கிறது.

காசைப் பிரித்துக் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பைப் ஓடியதும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு எல்லாவற்றையும் போட்டுக் காட்டிய பிறகு. போட்டுக் காட்டுவது என்றால் லைட் எரிவது மட்டும் இல்லை. ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினால் அந்தச் சுவிச் வேலை செய்கிறதா என்றுதான் தெரியும், எர்த் சரியா என்று தெரியாது. எர்த்தை மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மீற்றர் இல்லை என்று சிரிக்கும் பாஸிடம் முழு வீட்டையும் கொடுக்காதீர்கள்.

இன்வொய்ஸ் அடித்துத் தரும் கம்பனிகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. விலை மட்டும்தான் கேட்டேன், வேலை கொடுத்துப் பார்க்கவில்லை. விலை கூட, ஆனால் உத்தரவாதம் எழுத்தில் தருகிறார்கள். த்ரீ பேஸ், சோலார் என்று போகிறவர்களுக்கு அதுதான் புத்தியாக இருக்கலாம். தனி ஆளைப் பிடித்தாலும் என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. மட்டக்களப்பு, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்து வந்த பெடியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே நேரம், சான்றிதழ் ஒன்றும் இல்லாமல் தங்கமாக வேலை செய்யும் பழைய பாஸ்மாரும் இருக்கிறார்கள், அதனால் சான்றிதழை மட்டும் வைத்து ஆளை முடிவு கட்ட நான் தயார் இல்லை.

பிரச்சினை முற்றிவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், தொலைபேசி இலக்கம் 1977. அந்தச் சபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் சேர்த்துத்தான். பிரதேச மத்தியஸ்த சபையும் இருக்கிறது, சட்டத்தரணி பிடித்துச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது “பில் எங்கே?” என்றுதான். அக்காவிடம் இருந்தது ஒரு குரல் பதிவும் அந்த ஒற்றை வரித் தாளும். அவர் எங்கேயும் போகவில்லை, பேரம் பேசி ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிட்டார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வீடு கட்டுகிறவர்களுக்கு என் முறை அப்படியே சரிவராது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நடுவழி ஒன்று சொல்வேன்: கூலியைப் பொயின்ட் கணக்கில் பேசுங்கள், சாமானைப் பாஸே போய் எடுக்கட்டும், ஆனால் காசை நீங்கள் நேராகக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கடைக்காரர் பில்லைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். கமிஷன் பாஸுக்குப் போகும், போகட்டும். சுவர் பூச முன்னம் ஒவ்வொரு அறையிலும் பைப் போகும் வழியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வயரில் அச்சடித்திருக்கும் கேஜும் கம்பனிப் பெயரும் தெரிகிற மாதிரி. பின்னொரு காலத்தில் அலுமாரி மாட்ட ட்ரில் போடும்போதும் அந்தப் படம் உதவும்.