வெள்ளவத்தையில் ஒரு மதியப் பார்சல்: சத்தை உறிஞ்சாத குடலுக்கும் ஒத்துவந்த சமையல்

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி வீடு ஒன்றின் சமையலறையில் இருந்து ஒரு அக்கா நடத்துகிற மதியச் சாப்பாட்டுச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, வாட்ஸ்அப்பில் ஓடர் எடுப்பதோடு சரி. பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற ஆட்களுக்குச் சமைக்கவே இரண்டு கை போதவில்லையாம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் கஜு போன்ற கொட்டைகள், மீன் இறால் நண்டு என்று ஆறு வகையையும் விலக்கச் சொல்லிவிட்டால் கொழும்பில் வெளிச் சாப்பாடு என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எங்களைப்போல இன்னும் இருக்கும்.

முதலில் ஏன் இந்தப் பார்சல் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். உயர்தரம் படிக்கிற என் மகளுக்கு இயோசினோஃபிலிக் காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ். இயோசினோஃபில் என்பது எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கிற ஒரு வகை வெள்ளணு, பூச்சித் தொற்றிலும் ஒவ்வாமையிலும் கூடும். இந்த நோயில் அது பூச்சித் தொற்று எதுவும் இல்லாமலே இரைப்பை, சிறுகுடல் சுவருக்குள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, தன்னிடம் இருக்கிற நச்சுப் புரதங்களைக் கொட்டி அந்த இடத்தையே புண்ணாக்குகிறது. 1937இலேயே கைசர் என்பவர் எழுதிவைத்த நோய்தான், 1970இல் கிளைன் குழுவினர் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: உள்படலத்தைத் தாக்குவது, தசைப் படையைத் தாக்கிக் குடலை அடைப்பது, வெளியுறையைத் தாக்கி வயிற்றுக்குள் நீர் கோர்க்க வைப்பது. அதிகமாகக் காணப்படுவது முதலாவது வகை, மகளுக்கும் அதுதான். சத்து உறிஞ்சப்படாமல் போகிற தொல்லை முக்கியமாக இந்த வகையில்தான் வருகிறது, ஏனென்றால் சாப்பாட்டை உடம்புக்குள் எடுக்கிற விரல் போன்ற சடைமுளைகள் இருப்பது அந்த உள்படலத்தில், அவை மழுங்கிப்போனால் எவ்வளவு சாப்பிட்டும் பிரயோசனம் குறைவு.

எங்கள் வீட்டில் அது காலில் வந்த வீக்கமாகத்தான் முதலில் தெரிந்தது. மாலையில் செருப்புப் பட்டி பதிந்த இடம் குழியாகவே நிற்கும். சிறுநீரகமா இருதயமா என்று ஓடித் திரிந்தோம், சிறுநீரில் புரதம் போகவில்லை, இருதயமும் சரி. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டும் அடிமட்டத்தில். கடைசியில் பார்த்தால் புரதம் போனது குடல் வழியாக. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாததற்கும் காரணம் அங்கேதான், இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில், புண் இருந்ததும் அந்தத் தொடக்கத்தில். கொழுப்பு உறிஞ்சப்படாமல் மலத்தோடு போனால் கூடவே விற்றமின் டியும் போகும், அப்புறம் கல்சியமும். பூச்சி மருந்து கொடுத்து, மலம் சோதித்து, கொக்கிப்புழு போன்றவை இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கமரா விட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்த நோய் திட்டுத் திட்டாக இருக்கும், பார்க்க நல்லாயிருக்கிற இடத்திலும் ஒளிந்திருக்கும் என்று தெரிந்த டொக்டர் ஒருவர் குடல் சுவரில் பல இடங்களில் சோதனைக்குச் சிறு துண்டுகள் எடுத்தபடியால்தான் பிடிபட்டது. அவருக்கு என்றைக்கும் நன்றி.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து தொடங்கியதும் மகளுக்குச் சுகம் தெரிந்தது, ஆனால் அதை நெடுநாள் கொடுத்தால் எலும்பு தேயும், ஏற்கனவே விற்றமின் டியும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு அது இரட்டை அடி. அதனால் மருந்தைக் குறைக்கிறபோது நோய் திரும்ப எழும்பாமல் இருக்க, ஆறு வகை விலக்கும் உணவு முறையையும் முயற்சிக்கலாம் என்றார்கள். உணவுக்குழாயில் வருகிற இதே வகை நோயில் இந்த முறை நன்றாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் அந்தளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை, எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வீட்டில் இரவுச் சாப்பாடு என் மனைவி பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, மகளுக்குப் பாடசாலை முடிந்தால் ரியூசன், பகல் சாப்பாடுதான் பெரிய பிரச்சினை.

அந்த அக்காவிடம் முதலில் பேசியபோது அவர் விலை சொல்லவில்லை, உணவு ஆலோசகர் எழுதித் தந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் திருப்பிக் கேட்ட கேள்வி: "தம்பி, பெருங்காயம் போடலாமோ?" எனக்கு விளங்கவில்லை. கடையில் வாங்குகிற பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா சேர்த்திருப்பார்கள் என்று டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்துக்கு மேலே விரலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அந்த ஒரு படத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் சமையலில் இந்த ஆறும் ஒளிந்திருக்கிற இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல: சம்பலில் மாசிக் கருவாடு, கொத்தில் சோயா சோஸ், அந்த சோஸுக்குள்ளேயே கோதுமை, வெள்ளை இடியப்பத்தில் கோதுமை மா, கேக்கில் மாஜரின், சைவக் கடை இறைச்சிக்கறி என்று வருகிற சோயாமீட். மெலிந்த பிள்ளைக்குக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிற திரிபோஷா சத்துமாவிலும் சோயா இருக்கிறது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு சனிக்கிழமை வாங்கப் போனபோது சமையலறையைப் பார்த்தேன். இடியப்ப உரல் இரண்டு, ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது, அதில் அரிசி மாவைத் தவிர வேறு மா ஏறாது. குரக்கனைத் தானியமாகவே வாங்கிக் கழுவிக் காயவைத்து, மில் திறந்ததும் முதல் ஆளாகக் கொண்டுபோய் அரைப்பிக்கிறார், வேறொருவரின் கோதுமைக்குப் பிறகு அரைத்தால் கல்லில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து வரும் என்பதற்காக. மிளகாய்த் தூளும் வீட்டில் வறுத்ததுதான். பார்சலோடு ஒரு துண்டுக் கடதாசி வரும், அன்றைக்குச் சட்டியில் போன சாமான் அவ்வளவும் பேனையால் எழுதியிருக்கும், உப்பு, கறிவேப்பிலை வரைக்கும். ஒருநாள் அந்தத் துண்டில் "புது எண்ணெய், போத்தல் படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சாப்பிடக் கொடுங்கோ" என்று இருந்தது. காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு தருகிற எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள்?

ருசியைச் சொல்ல வேண்டும், பத்தியச் சாப்பாடு என்றதும் சப்பென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிவப்பரிசி மா இடியப்பம் பஞ்சு மாதிரி, பிய்த்தால் இழை இழையாக வருகிறது. மகளுக்குத் தேங்காய் விலக்கப்படவில்லை, அதனால் சொதி உண்டு, ஆனால் கொழுப்பு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் போன காலத்தில் முதற்பாலை எடுத்து வைத்துவிட்டு இரண்டாம் பாலில்தான் சொதி வைத்தார், தண்ணியாக இருந்தாலும் வெந்தயமும் தேசிக்காய்ப் புளியும் தூக்கிக்கொடுத்தன. கோழிக்கறி யாழ்ப்பாணத்து முறையில் நல்ல உறைப்பு, உறைப்பைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார். முருங்கையிலை வறைதான் எனக்குப் பிடித்தது, மாசி போடாமலே அந்த மணம். இரும்புச்சத்துக்காகக் கீரை சாப்பிட்டால் கூடவே புளிப்பான பழம் ஏதாவது சாப்பிடு, சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்காதே என்று ஆலோசகர் சொன்னதைக் கேட்டதிலிருந்து ஒரு துண்டு தோடம்பழமோ கொய்யாவோ பார்சலுக்குள் வருகிறது. குரக்கன் புட்டு மட்டும் மதியம் ஆகிறபோது இறுகிவிடுகிறது, அதைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கத்தரிக்காய் சில நாட்களில் எண்ணெய் கூட.

குறைகளும் உண்டு. விலை சாதாரணப் பார்சலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அரிசி மா, தனித் தூள், தனிப் பாத்திரம் என்று பார்த்தால் நியாயம்தான், ஆனால் மாதம் முழுக்க வாங்குகிற குடும்பத்துக்கு அது பாரம், மருந்துச் செலவு ஒரு பக்கம் இருக்கும்போது இன்னும் பாரம். முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும், காலையில் சொன்னால் கிடையாது. ஞாயிறு இல்லை, கோயில் திருவிழாக் காலத்தில் இறைச்சியும் இல்லை, அந்த நாட்களில் புரதம் குறைகிறது. அல்புமின் இறங்கிய ஒரு பிள்ளைக்கு அது சின்ன விசயமில்லை என்று சொன்ன பிறகு பயற்றங்கறி கூடுதலாக வைக்கிறார், ஆனாலும் கோழிக்கு அது ஈடில்லை. அளவும் எல்லா நாளும் ஒரேமாதிரி இல்லை.

இதற்கு முன்னர் வேறொரு இடத்தில் வாங்கினோம், பெயர் வேண்டாம். "பால் ஒன்றும் இல்லை அண்ணா" என்று சொல்லித் தந்த சோற்றில் நெய் மணந்தது. கேட்டால், நெய் பால் இல்லைத்தானே என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்பதை ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் வாங்கியே இருக்க மாட்டோம். இந்த அக்காவிடம் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான், தெரியாததைத் தெரியாது என்கிறார். "தோசைக்கு உளுந்து போடலாமோ தெரியாது பிள்ளை, டொக்டரிட்ட கேட்டுச் சொல்லு" என்று மகளுக்கே குரல் செய்தி அனுப்பியிருந்தார். மகள் அவரை அன்ரி என்று கூப்பிட்டுத் தன் வயிற்றுக் கதை முழுக்கச் சொல்கிறாள், எங்களிடம் சொல்லாததையும்.

இந்தப் பார்சலால் மகளுக்குச் சுகம் வந்தது என்று நான் எழுதவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். சுகம் வந்தது மருந்தோடும் இந்த விலக்கோடும் சேர்த்துத்தான், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கிறோம், முட்டை ஒத்துக்கொண்டது, பால் சேர்த்ததும் வயிற்றோட்டமும் கால் வீக்கமும் திரும்ப வந்தன, கோதுமை இன்னும் பார்க்கவில்லை. இவ்வளவு வகையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள், ஏற்கனவே சத்து உறிஞ்சாத உடம்பில் சாப்பாட்டையும் சுருக்கினால் எடை இன்னும் விழும், மகளுக்கு மாதாமாதம் எடையும் இரத்தமும் பார்த்துக்கொண்டுதான் இது நடக்கிறது. சத்துக் குறைபாடு, கால் வீக்கம், விடாத வயிற்றோட்டம் மூன்றும் சேர்ந்து வந்தால் குடல் வைத்தியரைப் பாருங்கள், எடுக்கிற துண்டுகளைப் பல இடங்களில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இரத்தத்தில் இயோசினோஃபில் கூடாமலே இந்த நோய் சிலருக்கு இருக்கும் என்பதால் அந்த ஒரு ரிப்போட்டை வைத்து விட்டுவிடாதீர்கள்.

இப்போதைக்கு அவர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைக்குள் மட்டும்தான் அனுப்புகிறார். இதே போன்ற விலக்கு உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதினால், அவரிடம் கேட்டு, இடம் இருந்தால் தொடர்பு தருகிறேன். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் இப்படி ஒவ்வொரு சாமானையும் வாசித்துச் சமைக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள், அங்கே இரண்டு குடும்பங்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.